குளிர்காலத்தில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு புளோரிடா பயணம்: எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம்?

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ டொராண்டோவிலிருந்து ஆர்.வி. டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) மாட்டிக்கொண்டு தெற்கே கிளம்புகிறவர்களுக்கான குறிப்பு இது. வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 401 நெடுஞ்சாலையில் விண்ட்சர் வரை, அம்பாசடர் பாலம் தாண்டினால் டெட்ராய்ட், அப்புறம் ஐ-75 நெடுஞ்சாலை. ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா கடந்து ஆர்லாண்டோ போய்ச் சேர ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கோடையில் இதே வழியில் சிரமமில்லாமல் போய்வந்த டிரெய்லர் ஜனவரியில் புதுப்புது நோய்களைக் காட்டும்.

அந்த நோய்களில் பாதி வேறொன்றின் வேஷத்தில் வரும். கேஸ் தீர்ந்ததுபோலத் தெரியும், பேட்டரி இறங்கியிருக்கும். பக்கக்காற்று தள்ளுவதுபோலத் தெரியும். பின்னால் ஏற்றிய சாமான்தான் காரணமாக இருக்கும். ஆகவே எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு இருக்கிறது, குளிர் எதைச் சுருக்கியிருக்கிறது.

லாரி தாண்டும்போது டிரெய்லர் வாலாட்டுகிறது

பெரிய லாரி பக்கத்தில் வரும்போது அது தள்ளிக்கொண்டு வரும் காற்று டிரெய்லரை முதலில் வெளிப்பக்கம் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஒருமுறை ஆடித் தானே நின்றால் பரவாயில்லை. லாரி போன பிறகும் ஆட்டம் தொடர்ந்தால், அதிலும் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதானால், காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் திருப்பப் போனால் இன்னும் மோசமாகும். கால் பிரேக்கைத் தொட வேண்டாம். டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் அழுத்தும் லீவர் இருக்கிறதே, அதை மெதுவாக அழுத்துங்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து, அது வண்டிக்குப் பின்னால் இழுபட்டு நேராகும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

நின்ற பிறகு காரணம் தேடலாம். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உருண்டையின் மேல் விழும் எடை, அதாவது டங் வெயிட், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,000 கிலோ என்றால் 300 முதல் 450 கிலோ. அதற்குக் கீழே போனால் முன்பக்கம் லேசாகி வால் தன் இஷ்டத்துக்கு ஆடும். நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று ஊகிப்பது சுலபம். இரண்டு மாதம் தங்கப் போகிறோம் என்று 20 கிலோ அரிசி மூட்டை, கிரைண்டர், குக்கர் எல்லாம் பின்கட்டிலுக்கு அடியில் போகும். பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு. எல்லாமே அச்சுக்குப் பின்னால்.

கடைக்காரர் முதலில் காட்டுவது ஸ்வே பார், அதாவது ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி. எடையைச் சரிசெய்யாமல் அதை மாட்டுவது நோயை மூடிவைக்கும் வேலை. முதலில் கனமான சாமானை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் நகர்த்துங்கள். அப்புறம் எடை போடுங்கள். ஐ-75 முழுக்க லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடைகள் உண்டு, செலவும் அதிகமில்லை. முதலில் டிரெய்லரை மாட்டி, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளை (பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பகிரும் ஹிட்ச் கம்பிகளை) கழற்றிவிட்டு மேடையில் ஏறுங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். முதல் சீட்டில் பிக்கப்பின் இரண்டு அச்சுகளில் வந்த எடையிலிருந்து இரண்டாம் சீட்டின் எடையைக் கழித்தால் கிடைப்பது டங் வெயிட். முதல் சீட்டின் மொத்தத்திலிருந்து இரண்டாம் சீட்டைக் கழித்தால் டிரெய்லரின் நிஜ எடை. சீட்டில் பவுண்டில் இருக்கும். விகிதம் பார்க்க அதுவே போதும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிட்டால் வழியில் நடுங்கிக்கொண்டு மூட்டை மாற்ற வேண்டியதில்லை.

பனியில் ஒரு விதிவிலக்கு. உராய்வால் வேலை செய்யும் ஒற்றை ஸ்வே பார் மாட்டியிருந்தால், சாலை வழுக்கும்போது அதைத் தளர்த்திவிடச் சொல்லித்தான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. அது விறைப்பாக இருந்தால் வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வழுக்கும். பிரேக் கன்ட்ரோலரின் கெயினையும், அதாவது டிரெய்லர் பிரேக் பிடிக்கும் வலுவையும், குறைத்துவையுங்கள். பெரும்பாலான டிரெய்லர்களின் எலெக்ட்ரிக் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது, பனியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் டிரெய்லர் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். க்ரூஸ் கன்ட்ரோல் அணைத்தே இருக்கட்டும்.

பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது

இது எதிர்ப்பக்க நோய். விளம்பரத்தில் 'இத்தனை ஆயிரம் கிலோ இழுக்கும்' என்று போட்டிருப்பதை நம்பி டிரெய்லர் வாங்கியவர்களுக்கு வரும். நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. டங் வெயிட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கர் 650 கிலோ என்கிறது, உள்ளே நான்கு பேர் 260 கிலோ, டங் வெயிட் 380 கிலோ என்றால் மீதி 10 கிலோ. டூல் பாக்ஸுக்கே காணாது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பின்னச்சின் பாரத்தில் கொஞ்சத்தை முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் மாற்றும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது கூட்டித் தராது. உரிமம் பற்றிச் சந்தேகம் இருந்தால்: ஒன்டாரியோவில் ஜி உரிமத்தில் 4,600 கிலோ வரை இழுக்கலாம், 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

டயர் அழுத்தம் காட்டும் கருவி காலையில் கத்துகிறது

பஞ்சர் என்று பதறுவதற்கு முன் வெளியே எத்தனை டிகிரி என்று பாருங்கள். வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் இறங்கும். கராஜுக்குள் 20 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மைனஸ் 15இல் நிறுத்தி வைத்தால் 69க்கு வந்துவிடும். நான்கு டயரும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் குளிர். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் ஓட்டை அல்லது வால்வு.

குளிரில் மறுபடி 80க்கு ஏற்றிக்கொண்டு கிளம்புவது சரிதான். ஆனால் அத்தோடு வேலை முடியவில்லை. மைனஸ் 15இல் 80 இருந்த அதே டயர், புளோரிடாவில் 25 டிகிரியில் ஒரு மீட்டர் ஓடுவதற்கு முன்பே ஏறத்தாழ 95 காட்டும். அதனால் தெற்கே இறங்க இறங்க, ஒவ்வொரு நாள் காலையும் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து, கூடுதலை இறக்கிவிடுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது.

டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம் செய்தது. பட்டன் புத்தம் புதிதாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டிரெய்லர் டயரோடு இவ்வளவு தூரம் போக நான் சம்மதிக்க மாட்டேன். எஸ்.டி. என்று போட்ட டிரெய்லர் டயரில் தனியாக வேக எழுத்து இல்லையென்றால் அதன் உச்சவரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் எல்லோரும் 80 மைலில் பறப்பார்கள். பறக்கட்டும்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது

பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் எல்லாச் சக்கரங்களின் நடுமையத்தையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். வெயில் படும் பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எக்கச்சக்கமாக இருந்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, இல்லையென்றால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த ஊர்வரை போகிறவர்களின் சக்கரம் சில சமயம் அவர்களுக்கு முன்னாலேயே போய்விடும். அங்கேயே நிறுத்துங்கள்.

இறக்கத்தில் பிரேக் கருகிய வாசனை

கென்டக்கி எல்லையைத் தாண்டி டென்னசிக்குள் நுழையும் ஜெல்லிக்கோ மலைப்பகுதியில் இது அடிக்கடி கேட்கும் புகார். உச்சியிலேயே டோ/ஹால் மோடு (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு), கீழ் கியர், மெதுவான வேகம். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், அழுத்திக் குறைத்து விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். சாலை பனிக்கட்டியாக இருந்தால் இந்த இடத்தைக் கடப்பதையே தள்ளிப்போடுங்கள்.

டிரெய்லர் விளக்குகள் மினுக்குகின்றன, அல்லது கன்ட்ரோலர் 'டிரெய்லர் இல்லை' என்கிறது

உப்பு. ஒஹாயோவரை சாலையில் கொட்டிய உப்புத் தண்ணீர் ஏழு முள் பிளக்கில் ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றி, பச்சை பிடித்த முள்களைச் சுரண்டி, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிச் சொருகுங்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகத் துடித்தால் கிரவுண்ட் கம்பி, வழக்கமாக வெள்ளை, சரியாகப் பிடிக்கவில்லை. டென்னசி தாண்டியதும் அடிப்பாகம் முழுவதையும் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடுகிறது, ஆனால் குளிர்ந்த காற்று வருகிறது

இந்தப் பயணத்தில் அதிகம் ஏமாற்றும் கோளாறு இதுதான். அநேகமாக விடிகாலை மூன்று மணிக்கு, இப்படித் தொடங்கும்:

"என்னங்க, ஃபர்னஸ் சத்தம் கேக்குது, காத்து சில்லுனு வருது."

"சிலிண்டர் காலி போல இருக்கு."

"ராத்திரி அதே சிலிண்டர்லதானே பால் காய்ச்சினேன்? நல்லாத்தானே எரிஞ்சுது?"

அம்மையார் சொன்னதில் பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது. அடுப்பு நீலமாக எரிகிறது என்றால் கேஸ் இருக்கிறது. பிறகு ஏன் ஃபர்னஸ் பற்றவில்லை?

ஃபர்னஸுக்குள் முதலில் ஓடுவது விசிறி. அது போதுமான வேகத்தில் காற்றைத் தள்ளினால்தான் செயில் ஸ்விட்ச் என்கிற சிறு தகடு நகர்ந்து, 'காற்றோட்டம் சரி, பற்ற வைக்கலாம்' என்று அனுமதி தரும். பேட்டரி இறங்கினால் விசிறி சுற்றும், ஆனால் மந்தமாக. தகடு நகராது. கேஸ் திறக்காது. விசிறி மட்டும் குளிர்ந்த காற்றை ஊதி, மிச்சமிருக்கும் கரண்டையும் தின்னும்.

சோதிப்பது எளிது. டிரெய்லர் பிக்கப்போடு மாட்டியே இருந்தால் எஞ்சினைக் கிளப்புங்கள், அல்லது கரண்ட் இணைப்பைச் சொருகுங்கள். வோல்டேஜ் ஏறியதும் ஃபர்னஸ் பற்றிக்கொண்டால் குற்றவாளி பேட்டரிதான். இதற்குப் போய் ஃபர்னஸின் போர்டை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

ஏன் ஓர் இரவு தாங்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 48 ஆம்பியர் மணி. டிரெய்லரோடு வரும் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 80 ஆம்பியர் மணி. அதில் பாதிவரைதான் இறக்கலாம், 40. மைனஸ் 18இல் அந்தக் கொள்ளளவே ஏறக்குறைய பாதியாகும். ஆகவே வடக்கில் கழிக்கும் இரவுகளுக்குக் கரண்ட் உள்ள இடத்தை முன்பதிவு செய்யுங்கள். ஒஹாயோ, கென்டக்கி பக்கம் பல முகாம்களில் குளிர்காலத்தில் குழாயை மூடிவிடுவார்கள், கரண்ட் மட்டும் இருக்கும். போனில் கேட்க வேண்டியது அதைத்தான். தண்ணீர் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வோல்டேஜ் நன்றாக இருந்தும் பற்றவில்லையா? வெளியே புகைபோக்கி வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் அணைத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே அழுத்திப் பார்த்துவிடுங்கள். பற்றி, சிறிது நேரத்தில் தானே அணைந்து மறுபடி பற்றினால், காற்று வரும் துவாரங்களைப் பைகள் மறைத்திருக்கும். சூடு தாங்காமல் லிமிட் ஸ்விட்ச் நிறுத்துகிறது.

அடுப்பே சிம்மில் வைத்ததுபோல எரிந்தால் மட்டும் கேஸ் பக்கம் போங்கள். சிலிண்டர் வால்வைப் படக்கென்று திறந்தால் பாதுகாப்பு அடைப்பான் 'கசிவு' என்று நினைத்துப் பாதி மூடிக்கொள்ளும். மூடி, ஒரு நிமிடம் விட்டு, மிக மெதுவாகத் திறக்க வேண்டும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும் என்றாலும், கடுங்குளிரில் கால்வாசிக்குக் கீழே போன சிலிண்டர் ஃபர்னஸின் பசிக்கு ஈடுகொடுக்காது. 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது, மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் 14 மணி நேரம்தான்.

சார்ஜர் ஓடுகிறது, லித்தியம் பேட்டரி ஏறவில்லை

பழுதில்லை. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அதன் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தடுக்கிறது. பேட்டரியை டிரெய்லருக்கு உள்ளே வைக்கும் வசதியோ, ஹீட்டர் உள்ள மாடலோ இல்லாமல் ஜனவரிப் பயணத்துக்கு அதை வாங்க வேண்டாம்.

ஜன்னலில் தண்ணீர் ஒழுகுகிறது

மூச்சும் சமையலும். கேஸ் எரிவதிலேயே நீராவி வரும், அதோடு சாதம் வடித்தால் சொல்லவே வேண்டாம். குளிராக இருந்தாலும் கூரை விசிறித் துவாரத்தை விரல் அகலம் திறந்துவையுங்கள். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது கூடவே கூடாது.

திட்டப்படி முதல் நாள் சின்சினாட்டி. இருட்டும்போது இன்னும் டொலீடோ

திட்டத்தில்தான் கோளாறு. கூகுள் மேப் காட்டும் நேரம் காருக்கானது. டிரெய்லரோடு 90, 95 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு மடங்கு பெட்ரோல் நிறுத்தங்களோடு, எல்லையில் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டிசம்பரில் டொராண்டோவில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆர்.வி.க்காரர்கள் சொல்லும் 330 விதி இங்கே நன்றாகப் பொருந்தும்: 330 மைல் அல்லது பிற்பகல் 3.30, எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்து.

தேதியைக் குறித்துவிட்டுப் புயலைப் பார்க்காதீர்கள். புயலைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள். முன்னும் பின்னும் மூன்று நாள் கையிருப்பு இருந்தால் போதும். பஃபலோ வழியாகப் போகிறவர்களுக்கு ஈரி ஏரியின் பனிக்கொட்டு தனித் தலைவலி. தெற்கே போய்விட்டோம் என்று நிம்மதியடையவும் முடியாது. 2014 ஜனவரி 28இல் அட்லான்டாவில் விழுந்தது இரண்டு அங்குலம் சொச்சம் பனிதான். ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் காரிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2025 ஜனவரி 21இல் புளோரிடாவின் பென்சகோலாவிலேயே பனி கொட்டியது. டென்னசியில் கால்ஹூன் அருகே ஹைவாசி ஆற்றை ஒட்டிய ஐ-75 பகுதியில் 1990 டிசம்பரில் மூடுபனியில் 99 வண்டிகள் மோதி 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே மூடுபனி எச்சரிக்கைப் பலகைகள் வந்தன. பலகை வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள்.

எல்லையில் ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்கள்

பெரும்பாலும் சாப்பாட்டுக்காகத்தான். ஸ்கார்பரோ கடையில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிட்டுப் போங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். 2005இல் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. அதனால் அதிகாரி சிரித்துக்கொண்டு விட மாட்டார். விறகும் வேண்டாம். மற்ற உணவு எதுவானாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். 2025 ஏப்ரல் 11 முதல், நில எல்லை வழியே போய் 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடியர்கள், ஐ-94 என்ற நுழைவுப் பதிவு இல்லையென்றால், தாங்களே பதிவு செய்ய வேண்டும். கிளம்பும் வாரத்தில் விதியை ஒருமுறை சரிபாருங்கள். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் தொடர, எந்த 12 மாதத்திலும் ஒன்டாரியோவுக்கு வெளியே 212 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவமனையில் படுத்தால் ஓஹிப் தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 டாலர். தனிப் பயணக் காப்பீடு இல்லாமல் பாலம் ஏறாதீர்கள்.

ஜனவரிக்கு புளோரிடா ஸ்டேட் பார்க்கில் இடமே இல்லை

புளோரிடாவாசிகளுக்கு 11 மாதம் முன்பே முன்பதிவு திறக்கும். நமக்கு 10 மாதம். 2024 முதல் இந்த ஏற்பாடு. நல்ல இடங்கள் அந்த ஒரு மாதத்திலேயே போய்விடும். ரத்தாகும் இடங்களை வார நடுவில், ஓரிரு இரவுகளாகப் பிடித்துக் கோத்துக்கொள்ளலாம்.

பம்ப் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை

தண்ணீர்க் குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் (உறையாத திரவம்) நிரப்பியபடியே தெற்கு ஜார்ஜியாவரை போவதுதான் புத்திசாலித்தனம். வழியில் குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீர்; டாய்லெட்டில் ஊற்ற ஆன்டிஃபிரீஸ். எங்கே தண்ணீரைத் திறப்பது என்பதை வரைபடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த சில இரவுகளின் குறைந்தபட்ச வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் என்றால் திறக்கலாம்.

திறந்த பின் பம்ப் ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால், பம்புக்குப் பக்கத்தில் ஆன்டிஃபிரீஸ் உறிஞ்சத் திருப்பிய வால்வை யாரும் திருப்பி வைக்கவில்லை. சூட்டுக் குழாயில் மட்டும் சூடில்லையா? தண்ணீர் வாட்டர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப்போக விடும் பைபாஸ் வால்வு இன்னும் திருப்பப்படவில்லை. தொட்டி நிரம்பாமல் மின்சார ஹீட்டரைப் போட்டால் எலிமெண்ட் கருகிவிடும், ஆகவே சூட்டுக் குழாயில் தடையில்லாமல் தண்ணீர் வந்த பிறகே ஸ்விட்ச். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் அவ்வப்போது தானே உறுமினால் எங்கோ கசிகிறது. உறைந்து வெடிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவை: வெளி இணைப்பின் தடுப்பு வால்வு, பம்பின் வடிகட்டிக் கிண்ணம், டாய்லெட் வால்வு, வெளி ஷவர்.

புளோரிடாவில் குளிரலை, பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறது

30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட் கிடைக்கும். ஒரு 1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர், மைக்ரோவேவ் கிட்டத்தட்ட அதே அளவு, பேட்டரி சார்ஜர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும். வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுங்கள், அல்லது ஹீட்டரை அணைத்துவிட்டுச் சமையுங்கள். பக்கத்து டிரெய்லர்கள் எல்லாம் ஹீட்டர் போடும் இரவில் வோல்டேஜும் இறங்கும். சர்ஜ் காப்பான் 104 வோல்ட்டுக்குக் கீழே துண்டித்தால் அது தன் வேலையைச் செய்கிறது. பிளக்கின் முள் பழுப்பேறி, தொட்டால் சுடுகிறது என்றால் தேய்த்துப் பயனில்லை. கம்பத்தின் பிரேக்கரை அணைத்துக் கழற்றிவிட்டு, வேறு இடம் கேளுங்கள். கேபிள் முனையையும் புதிதாக மாற்றுங்கள்.